ரெசிடென்சி: உறைவிடப் பயிற்சியா, துறைப்பயில்வா?

அன்புள்ள ஐயா, குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

மருத்துவர் ஒருவர் ஒரு துறையில் நிபுணராவதற்கு மருத்துவமனையில் பெறும் பயிற்சிதான் ‘ரெசிடென்சி’. நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்கு நீங்கள் தந்த ‘உறைவிடப் பயிற்சி’ காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை ஏற்க மனம் ஒப்பவில்லை. 1889இல் அமெரிக்காவின் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதன் தலைமை மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் இளம் மருத்துவர்களை அங்கேயே தங்கவைத்துப் பயிற்றுவித்தார். தங்கியதால் ‘ரெசிடென்ட்’. இன்று அவர்கள் பணி முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார்கள். வழக்கொழிந்த அந்தத் தங்கலை நாம் புதிதாகத் தமிழில் ஏன் சுமக்க வேண்டும்? மலேசியாவில் ரெசிடென்ட் என்றால் நிரந்தரவாசிகளின் சிவப்பு அடையாள அட்டைதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘ரெசிடென்ட் மெடிக்கல் ஆபீசர்’ எனப்படும் நிலைய மருத்துவ அலுவலர் என்பது வேறு பதவி.

அப்புறம், ‘ரெசிடென்ட்’டுக்கு நேற்று பினாங்கு நண்பர் எழுதிய ‘பயிற்சி மருத்துவர்’. இதில்தான் எனக்குப் பெரிய தயக்கம். நம் மலேசிய நாளிதழ்களில் அந்தச் சொல் ஹவுஸ்மேனுக்கு நிலைத்துவிட்டது. ஹவுஸ்மேன் படிப்பை முடித்துவிட்டு இரண்டு ஆண்டு பல பிரிவுகளில் சுற்றிவருபவர். நாம் பேசுவது அதையும் தாண்டி ஒரே துறையில் இறங்கிவிட்டவரைப் பற்றி.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது கதிர்ச் சிகிச்சைக்காகக் கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போனேன். “நிபுணர் பிறகு வருவார், இப்போது பார்ப்பவர் பயிற்சி மருத்துவர்” என்று நானே மொழிபெயர்த்தேன். பெரியம்மா எழுந்துவிட்டார். “படிச்சிக்கிட்டு இருக்கிற பிள்ளைகிட்டயா என் உடம்பைக் காட்டணும்?” என்றார். அந்த டாக்டருக்கோ பல ஆண்டு மருத்துவ அனுபவம். ஸ்கேன் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து கட்டியின் எல்லையையும், கதிர் படக்கூடாத இதயம், நுரையீரலின் எல்லையையும் வரைவது அவர் வேலை. நிபுணர் அதைத் திருத்தி ஒப்புதல் தந்த பிறகே சிகிச்சை. என் ஒரு சொல்லால் அவ்வளவும் மறைந்துபோனது. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

ஆகவே என் பரிந்துரை: ஆளுக்குத் ‘துறைபயில் மருத்துவர்’, பயிற்சிக்குத் ‘துறைப்பயில்வு’. முன்னது வினைத்தொகை, பயின்ற, பயில்கின்ற, பயிலும் என மூன்று காலமும் அதில் உண்டு. மருத்துவர் என்பது முடிவில் நிற்பதால் அவர் ஏற்கெனவே மருத்துவர் என்பதும் தெளிவு.

அடுத்து, கதிரைக் கொண்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் துறையான ‘ரேடியேஷன் ஆன்காலஜி’. நம் பட்டியலில் உள்ள ‘கதிரியக்கப் புற்றுநோயியல்’ பிழை. கதிரியக்கம் என்பது அணுக்கரு தானே சிதைந்து கதிரை வெளியிடுவது. இன்று பெரும்பாலும் பயன்படும் லினாக் கருவி, வேகமூட்டிய எலெக்ட்ரான்களை உலோகத்தில் மோதவிட்டு எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. கருவியை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். நோயாளி உடம்பில் எதுவும் மிஞ்சாது. இது தெரியாமல் பெரியம்மா பேரனைத் தூக்கவே அஞ்சினார். இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருளைக் கட்டிக்குள்ளோ அருகிலோ வைக்கும் பிரேக்கிதெரபியில் கதிரியக்கம் உண்டு என்பது சரி. ஆனால் அது துறையின் ஒரு பகுதிதான்.

‘கதிர்வீச்சுப் புற்றுநோயியல்’ என்று மாற்றினாலும் சிக்கல் தீராது. கதிர்வீச்சால் வரும் புற்றுநோயைப் பற்றிய இயல் என்றே தமிழ்க் காது அதைப் பிரிக்கும். நான் ‘கதிர்வழிப் புற்றுநோய் மருத்துவம்’ என்கிறேன். ‘வழி’ இருந்தால் கதிர் மருந்தாகிறது, நோய்க்குக் காரணம் ஆகாது. நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் படிக்க முடியாது. படம் பார்த்து நோயறியும் கதிரியல் மருத்துவரோடும் குழம்பாது.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இந்தத் துறைப்பயில்வு ஓராண்டுப் பொதுப் பயிற்சியும் அதற்குப் பிறகு நான்காண்டுத் துறைப் பயிற்சியும் சேர்ந்தது. புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை அங்கே வேறு நிபுணரின் வேலை. நம் மலேசியா பிரிட்டிஷ் வழியைப் பின்பற்றுவதால், கிளினிக்கல் ஆன்காலஜிஸ்ட் எனப்படும் புற்றுநோய் நிபுணர் கதிரையும் கீமோ என்னும் மருந்துச் சிகிச்சையையும் தாமே கையாள்கிறார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு முதுகலைப் படிப்பு அதற்கானது. அவரைக் ‘கதிர்வழி’ என்று குறுக்கிவிடக் கூடாது. ‘புற்றுநோய் மருத்துவத் துறைப்பயில்வு’ என்றால் போதும். பட்டியலில் இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவமனைகளில் பணிபுரியும் நண்பர்கள், ‘துறைபயில் மருத்துவர்’ என்று நோயாளிகளிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து