புதுப்பிப்பு: நேர்காணல் முடிந்தது

உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தே களைத்துவிட்டேன், நிறுத்திவிடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அப்போது சொன்ன சுயநிதிக் கல்லூரி நேர்காணலுக்குப் போய் வந்தேன்.

ஒரே ஓர் இடம். வராந்தாவில் முப்பது பேருக்கு மேல். 2023 ஜூலையில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதியை மாற்றி, நெட், செட், ஸ்லெட் என்ற தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி கட்டாயமில்லை என்றது. அது நியாயம்தான். ஆனால் வரிசை நீள்கிறது. என் மாதிரி வகுப்பை ஐந்தாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள். பதில் இன்னும் இல்லை.

மறுப்பைவிட, அதே சான்றிதழ்களை நகலெடுத்து அட்டெஸ்ட் வாங்க அலைவதுதான் ஆளை வாட்டுகிறது.

சரி, நிறுத்தவில்லை. மாதம் இரண்டு விண்ணப்பம் மட்டும். மீதி நேரத்தில் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைக் கட்டுரையாக்குகிறேன். நேற்று நான்கு பக்கம் எழுதினேன்.