துணுக்கு நிரல்களை எங்கே வைப்பது: சைல்ட் தீமா, தனி ப்ளகினா?

தென்றல்:
வேர்ட்பிரஸில் தமிழ்ப் பதிவுத் தளம். மூன்று மாற்றங்கள் வேண்டும். முகப்பில் பதிவுச் சுருக்கம் 55 சொல்லுக்குப் பதில் 30 சொல்லாக வர வேண்டும். வரி இடைவெளி தமிழ் எழுத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தலைப்பு தமிழில் இருந்தாலும் பதிவின் முகவரி ரோமன் எழுத்தில் அமைய வேண்டும். மூன்றுக்கும் துணுக்கு நிரல் (சில வரி நிரல்) கையில் இருக்கிறது. தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி கோப்பிலேயே ஒட்டிவிடலாமா?

வைகைக்கரை:
வேண்டாம். தீம் அப்டேட் ஆனால் ஒட்டியதெல்லாம் போய்விடும். சைல்ட் தீம் போடுங்கள், அதாவது மூலத் தீமைச் சார்ந்து, உங்கள் மாற்றங்களை மட்டும் தனியாக வைத்திருக்கும் துணைத் தீம். தீம்ஸ் ஃபோல்டருக்குள் புது ஃபோல்டர், அதில் ஸ்டைல்.சிஎஸ்எஸ், ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி என இரண்டே கோப்புகள் போதும். ஸ்டைல் கோப்பின் மேலே 'தீம் நேம்', 'டெம்ப்ளேட்' இரண்டு வரிகளும் இருக்க வேண்டும். டெம்ப்ளேட் வரியில் எழுத வேண்டியது மூலத் தீமின் ஃபோல்டர் பெயர். திரையில் தெரிகிற பெயரை எழுதினால் மூலத் தீம் இல்லை என்று பிழை வரும். மூன்று துணுக்குகளும் இங்கேயே இருக்கட்டும், தேட வேண்டியிருக்காது.

ஆலமரம்:
மூன்றையும் ஒரே இடத்தில் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வரி இடைவெளி தோற்றம் சார்ந்தது, தீமோடு போனால் நஷ்டமில்லை. முகவரி அப்படியல்ல. நாளைக்கு வேறு தீமுக்கு மாறினால் அந்தத் துணுக்கு சத்தமில்லாமல் நின்றுபோகும், அடுத்த பதிவின் முகவரி மறுபடி தமிழில் வரும். முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்குவது 200 இடம். ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியும் (த, ம போன்றவை ஒரு குறி, ி, ் போன்றவை தனிக் குறி) சதவீதக் குறியீட்டில், அதாவது ரோமன் அல்லாத எழுத்தை முகவரியில் % சேர்த்து எழுதும் முறையில், 9 இடம் எடுக்கும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கே 5 குறி, 45 இடம். மொத்தம் 22 குறிதான் கொள்ளும், நீளமான தலைப்பு பாதியில் வெட்டுப்படும். ப்ளகின் என்பது தீமைச் சாராமல் தளத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல். எம்யு-ப்ளகின்ஸ் (கட்டாய ப்ளகின்கள்) ஃபோல்டரில் ஒரு கோப்பாகப் போடுங்கள், தானாக ஓடும்.

நாணல்:
எஃப்டிபி (சர்வருக்குக் கோப்புகளை ஏற்றி இறக்கும் வழி) தெரியாதவருக்கு இதெல்லாம் எதற்கு? துணுக்குகளை நிர்வகிக்கவே ப்ளகின்கள் இருக்கின்றன. ஒவ்வொரு துணுக்குக்கும் தனி ஆன், ஆஃப். கோப்பைத் தொடவே வேண்டாம்.

ஆலமரம்:
அவற்றில் பல, நிரலை டேட்டாபேஸில் வைத்து இவால் (உரையாக இருப்பதை நிரலாக ஓட்டும் பிஎச்பி கட்டளை) வழியாக ஓட்டுபவை. பழைய டேட்டாபேஸ் பேக்கப்பை மீட்டால் நிரலும் பழையதாகிவிடும். எந்த வரியை எப்போது மாற்றினோம் என்பது கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பதிவாகாது. மூன்றே துணுக்குக்கு அந்தச் சார்பு தேவையில்லை.

வைகைக்கரை:
ஆலமரம், எம்யு-ப்ளகின்ஸ் யோசனைதான் இவருக்கு ஆபத்து. வேர்ட்பிரஸ் 5.2 முதல் ஏதாவது ப்ளகினோ தீமோ தளத்தைக் கவிழ்த்தால் நிர்வாகிக்கு மின்னஞ்சல் வரும், மீட்பு முறையில் நுழைந்து அதை நிறுத்தலாம். எம்யு-ப்ளகினை அப்படி நிறுத்த முடியாது. டாஷ்போர்டிலும் அணைக்கும் பொத்தான் இல்லை. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனால் எஃப்டிபிதான் கதி.

ஆலமரம்:
அது சரியான வாதம். அப்படியானால் சாதாரண ப்ளகினாகவே எழுதட்டும். ப்ளகின்ஸ் ஃபோல்டரில் ஒரு பிஎச்பி கோப்பு, மேலே கமெண்டில் 'ப்ளகின் நேம்' வரி, அவ்வளவுதான். ஆனால் முகவரித் துணுக்கு தீமுக்குள் போகக் கூடாது என்பதில் மாற்றமில்லை.

தென்றல், அந்தத் துணுக்கில் இரண்டு விஷயம் பாருங்கள். ஃபில்டர் என்பது வேர்ட்பிரஸ் ஒரு மதிப்பைப் பயன்படுத்தும் முன் நம் நிரல் அதை மாற்ற விடும் இடம். முன்னுரிமை எண் சிறியதாக இருப்பது முதலில் ஓடும். தலைப்பை முகவரியாக்கும் சானிடைஸ்_டைட்டில் ஃபில்டரில் அந்த எண் 9 ஆக இருக்க வேண்டும், ஏனென்றால் வேர்ட்பிரஸின் சொந்தச் சுத்திகரிப்பு 10-இல் ஓடுகிறது. அடுத்து, ஃபில்டர் தரும் மூன்றாவது மதிப்பான கான்டெக்ஸ்ட் (எந்த வேலைக்காக அழைக்கப்படுகிறது என்பது) 'சேவ்' என்றிருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். இதைச் சோதிக்காத துணுக்கு, பழைய பதிவைத் திறக்கும்போதும் முகவரியை மாற்றித் தேடும். தமிழ் முகவரியில் உள்ள பழைய பதிவுகள் எல்லாம் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை, ஆகிவிடும்.

வைகைக்கரை:
சுருக்க அளவு தீமின் முகப்புக் கட்டத்தைப் பொறுத்தது, சைல்ட் தீமில்தான் இருக்க வேண்டும். சுருக்கத்தின் சொல் எண்ணிக்கையைத் தரும் எக்செர்ப்ட்_லெங்த் ஃபில்டரில் முன்னுரிமை 999 கொடுங்கள். சைல்ட் தீமின் ஃபங்ஷன்ஸ் கோப்பு மூலத் தீமினுடையதற்கு முன்னால் ஓடும். மூலத் தீமும் அதே ஃபில்டரை 10-இல் வைத்திருந்தால் கடைசியில் அதன் எண்தான் நிற்கும். 'துணுக்கு வேலை செய்யவில்லை' என்ற புலம்பலில் பாதிக்குக் காரணம் இந்த வரிசைதான்.

நாணல்:
வரி இடைவெளிக்குச் சைல்ட் தீம்கூட வேண்டாமே. தோற்ற விதிகளை நேரடியாக எழுதும் கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டி வேர்ட்பிரஸ் 4.7-இலேயே வந்துவிட்டது.

வைகைக்கரை:
சில வரிகளுக்கு அது போதும், ஒப்புக்கொள்கிறேன். அதுவும் தீமோடு கட்டுண்டதுதான், தீம் மாறினால் பெட்டி காலியாகத் தெரியும். பத்திகளுக்கு லைன்-ஹைட் (வரி உயரம்) 1.7 வைத்துப் பாருங்கள். 1.4-க்குக் கீழே போனால் கூ, ஞூ போன்றவற்றின் கீழ்ப்பகுதி அடுத்த வரியின் ி, ீ குறிகளில் இடிக்கலாம். தலைப்புகளுக்கு லெட்டர்-ஸ்பேசிங்கை (எழுத்து இடைவெளி) நார்மல் ஆக்குங்கள். பல தீம்கள் ரோமன் எழுத்தை மனதில் வைத்து இடைவெளி கூட்டியிருக்கும், தமிழில் கால் தனியாக, எழுத்து தனியாக விலகி நிற்கும். தமிழ்ப் பகுதிக்கு மட்டும் விதியைப் பொருத்தும் லாங்(டிஏ) செலக்டர் பயன்படுத்தினால் அமைப்புகளில் தளத்தின் மொழி தமிழாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலமாக இருந்தால் அந்த விதி பொருந்தவே பொருந்தாது.

ஆலமரம்:
ஒட்டுவதற்கு முன் இன்னொன்று. வலைப்பக்கங்களிலிருந்து எடுத்த நிரலில் நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். நோட்பேடில் ஒட்டி எல்லாவற்றையும் நேராக்குங்கள். இப்போது சைல்ட் தீமில் ஒட்டிப் பார்த்த துணுக்கைப் ப்ளகினுக்கு மாற்றும்போது, பழையதை முதலில் அழியுங்கள். ஒரே ஃபங்ஷன் பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் தளம் அங்கேயே நின்றுவிடும்.