புதுப்பிப்பு: ‘கும்மி’ ஏன் ‘கும’ ஆனது?

பெருந்துறைப் பக்கம் பதிவு செய்த கும்மிப் பாட்டுகளின் எக்ஸ்எம்எல் (குறிச்சொற்கள் இட்ட உரை) கோப்பில், அத்தகைய கோப்பின் ஒரு பகுதியைச் சுட்டும் மொழியான எக்ஸ்பாயின்டரின் ஸ்ட்ரிங்-ரேஞ்ச் (எங்கே தொடங்கி எவ்வளவு நீளம் என்று சுட்டும் வசதி) கொண்டு ‘கும்மி’யைச் சுட்டினால் ‘கும’ மட்டும் வருகிறதே என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டதுங்க.

நான் மூன்று எழுத்து என்று நீளம் கொடுத்தேன். அது எண்ணுவது யூனிகோடு குறிகளை: க, உகரக்குறி, ம, புள்ளி, ம, இகரக்குறி. ஆக ஆறு! ஆறு கொடுத்ததும் சொல் முழுசாக வந்தது. பார்த்ததும் அவ்வளவு நிம்மதி.

அப்புறம் இன்னொன்று. ஸ்ட்ரிங்-ரேஞ்ச் இருக்கும் ‘எக்ஸ்பாயின்டர் ஸ்கீம்’ என்ற சுட்டும் முறை வரைவோடு நின்றுவிட்டது. 2003 மார்ச்சில் டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரையானவற்றில், கோப்பின் ஓர் உறுப்பை அதன் ஐடி (அடையாளப் பெயர்) வழியே சுட்டக்கூடிய எலிமென்ட் ஸ்கீம் உண்டு. அதனால் ஒவ்வொரு அடிக்கும் ஐடி கொடுத்து அதன்வழியே சுட்டுகிறேன். நடுவில் ஓர் அடி சேர்த்தாலும் சுட்டு நகராது.