30 கிலோவாட் பழைய கேஸ் பாய்லருக்குப் பதிலாக எதை வைப்பது? உதவி தேவை

கேள்வி

வணக்கம். எங்கள் வீடு 1930களில் கட்டியது. கனத்த செங்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. ஜன்னல்களில் பாதி இன்னும் ஒற்றைக் கண்ணாடிதான். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லருக்கு 25 வயதுக்கு மேல் ஆகிறது, தகட்டில் 30 கிலோவாட் என்று போட்டிருக்கிறது. ஐந்து நிமிடம் எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. சுடர் மஞ்சளாக இருக்கிறது, மூடியில் கரி படிந்திருக்கிறது. அப்பாவின் அறை மட்டும் எப்போதும் குளிராகவே கிடக்கிறது. அவருக்கு 78 வயது, அதுதான் என் பெரிய கவலை.

பார்க்க வந்த ஒருவர் அதே 30 கிலோவாட்டில் புது பாய்லர் போடச் சொல்கிறார். இன்னொருவர் 14 கிலோவாட் ஹீட் பம்ப், அதாவது வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து வீட்டுக்குள் தரும் கருவி, என்கிறார். பழைய வீட்டில் ஹீட் பம்ப் சரிப்படாது என்றும் பலர் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில் 1

மற்றதெல்லாம் அப்புறம். மஞ்சள் சுடரும் கரியும் கேஸ் சரியாக எரியவில்லை என்பதற்கான அடையாளம். அப்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பாய்லரை இப்போதே அணைத்துவிட்டு உரிமம் பெற்ற டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். யாருக்காவது தலைவலி, குமட்டல் இருந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். அப்பாவின் அறைக்கு அருகில் இந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் ஒரு அலாரமும் வையுங்கள்.

கேட்டவர்

நன்றி. அன்றே அணைத்துவிட்டேன். பர்னரையும் புகைக்குழாயையும் சுத்தம் செய்து, புகையை அளந்து பார்த்தார்கள். இப்போது சுடர் நீலமாக இருக்கிறது. இந்தக் குளிர்காலம் தாங்கும், அதற்குப் பிறகு மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அலாரமும் வைத்தாயிற்று.

பதில் 2

நிம்மதி. அப்படியானால் எதையும் வாங்குமுன் இரண்டு சோதனை செய்யுங்கள். தகட்டில் உள்ள 30 என்பது அந்தப் பாய்லரால் எவ்வளவு முடியும் என்பதுதான். வீட்டுக்கு எவ்வளவு தேவை என்பது வேறு கணக்கு. ஐந்து நிமிடத்தில் அணைவதைப் பார்த்தால் உங்களுடையது தேவைக்கு மிகப் பெரியது என்றே தோன்றுகிறது.

முதலாவது, நல்ல குளிர் நாளில் கேஸ் மீட்டரைக் குறித்து, சரியாக 24 மணி நேரம் கழித்து மறுபடி குறியுங்கள். ஒரு கனமீட்டர் இயற்கை எரிவாயுவில் சுமார் 10 கிலோவாட் மணி இருக்கிறது.

இரண்டாவது, பாய்லரிலிருந்து போகும் தண்ணீரின் சூட்டை 55 டிகிரிக்குக் குறைத்து இரண்டு நாள் விடுங்கள். எந்த அறை சூடாகிறது, எது ஆகவில்லை என்று பாருங்கள். ஹீட் பம்ப் பழைய வீட்டுக்கு ஒத்துவருமா என்பதை ஊர்ப்பேச்சைவிட இந்தச் சோதனை நன்றாகச் சொல்லும்.

கேட்டவர்

செய்துவிட்டேன். வெளியே மைனஸ் 2, உள்ளே 20. மீட்டரில் 24 கனமீட்டர் ஓடியிருந்தது. 55 டிகிரியில் எல்லா அறைகளும் 20ஐத் தொட்டன, அப்பாவின் அறை மட்டும் 16இல் நின்றுவிட்டது.

பதில் 2

அருமை. 24 கனமீட்டர் என்றால் 240 கிலோவாட் மணி. பாய்லரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் வீட்டுக்குள் வந்தது 192. அதை 24ஆல் வகுத்தால் 8 கிலோவாட். உங்கள் பகுதியில் மைனஸ் 8 வரை இறங்கும் என்றால் சுமார் 10 தேவைப்படும். குளிக்கும் வெந்நீரும் இதற்குள்ளேயே இருப்பதால் உண்மையில் இன்னும் குறைவு. 30 கண்டிப்பாக வேண்டாம், 14கூட அதிகம்.

அப்பாவின் அறையில் ரேடியேட்டர் (சுடுதண்ணீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) சிறியது. ரேடியேட்டரின் திறனைப் பொதுவாக 75 டிகிரி தண்ணீர் உள்ளே போய் 65இல் திரும்பும் நிலைக்குக் கணக்கிட்டு எழுதுவார்கள். 55இல் போய் 45இல் திரும்பினால் பாதிதான் கிடைக்கும். அந்த ஒன்றை இரட்டைத் தகடு உள்ளதாக மாற்றினால் போதும்.

பதில் 3

செலவுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஹீட் பம்ப் ஒரு யூனிட் (கிலோவாட் மணி) மின்சாரத்துக்குச் சராசரியாக 3 யூனிட் வெப்பம் தருகிறது, புது கேஸ் பாய்லர் ஒரு யூனிட் கேஸுக்கு 0.9 யூனிட் தருகிறது என்று வைத்தால், மின்சார யூனிட்டின் விலை கேஸ் யூனிட்டைப் போல் சுமார் 3.3 மடங்குக்குக் கீழே இருக்கும்வரை ஹீட் பம்ப்தான் மலிவு. கேஸே போடுவதானாலும் கண்டென்சிங் பாய்லரில் (புகையிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி அந்த வெப்பத்தையும் எடுப்பது) திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். பழைய புகைபோக்கிக்குள் ஈரமான அமிலப் புகையைத் தாங்கும் குழாயும் விட வேண்டும்.

அப்புறம் ஒன்று. பரணில் இன்சுலேஷன் (வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும் அடுக்கு) இல்லையென்றால் அதை முதலில் போடுங்கள். பிறகு மீட்டரை மறுபடி அளந்து ஆர்டர் கொடுங்கள். சுவருக்கு உள்பக்கம் போடுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். இந்த மாதிரிச் சுவரில் ஈரம் சிக்கினால் பூஞ்சை வரும்.

கேட்டவர்

பரண் வேலையை இந்த மாதமே தொடங்குகிறேன். எங்கள் கட்டணத்தில் அந்த மடங்கு 2.8 வருகிறது, அதனால் ஹீட் பம்ப் பக்கம்தான் சாய்கிறேன். அதற்கு வேண்டிய வெந்நீர்த் தொட்டிக்கும் மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கிறது. அப்பாவின் அறை ரேடியேட்டருக்குக் காத்திருக்கவில்லை, நேற்றே ஆர்டர் கொடுத்துவிட்டேன்.