நோயாளி விவரங்களை மறையாக்கும் திறமூல நிரலகம்: நான்ஸ் பற்றிய ஐயம்

கேள்வி

வணக்கம். சிறு மருத்துவமனைகளுக்கான செயலி ஒன்றைப் பராமரிக்கிறேன். நோயாளியின் கைப்பேசி எண்ணும் நோய்க்குறிப்பும் தரவுத்தளத்தில் வெற்றெழுத்தாகக் கிடப்பது பல நாளாக மனதை உறுத்தியதால், அவற்றை மட்டும் மறையாக்கும் பைத்தான் நிரலகம் ஒன்றை எழுதி, திறமூலமாக வெளியிட நினைக்கிறேன். ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற மறையாக்க முறையைப் பயன்படுத்துகிறேன். நான்ஸை, அதாவது ஒவ்வொரு மறையாக்கத்துக்கும் சாவியோடு சேர்த்துத் தரும், ஒருமுறை மட்டுமே பயன்பட வேண்டிய எண்ணை, 1, 2, 3 என எண்ணிக்கொண்டே போகிறேன். செயலியை மறுபடி தொடங்கினால் எண்ணிக்கை மீண்டும் 1-இலிருந்து தொடங்குகிறது. சாவி மாறுவதில்லை. இதனால் தீங்கு உண்டா?

மறுமொழி 1

உண்டு. தயவுசெய்து இந்த நிலையில் வெளியிட வேண்டாம். ஜிசிஎம் முறையில் ஒரே சாவியோடு ஒரே நான்ஸ் இருமுறை வந்தால், இரண்டு மூலத்தரவுகளின் எக்ஸார் மதிப்பு (அவை பிட் வாரியாக எங்கெங்கே வேறுபடுகின்றன என்பது) வெளியே தெரிந்துவிடும் என்பதோடு, தரவு திருத்தப்படவில்லை என்று உறுதிசெய்யும் உட்சாவியையும் கணக்கிட்டுவிடலாம். பிறகு போலித் தரவை உண்மையானதுபோல் நுழைப்பது எளிது. 12 பைட் நான்ஸைத் தற்போக்காக (ஊகிக்க முடியாதபடி குலுக்கல் முறையில்) எடுப்பதும் ஒரு வழிதான், ஆனால் அப்போது ஒரு சாவிக்கு 2^32, அதாவது ஏறத்தாழ 429 கோடி மறையாக்கங்களுக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் விதித்துள்ள வரம்பு. லிப்சோடியம் என்ற திறமூல மறையாக்க நிரலகத்தில் உள்ள எக்ஸ்சாச்சா20-பாலி1305 முறையில் நான்ஸ் 24 பைட் என்பதால், அதைத் தற்போக்காகவே எடுக்கலாம், எண்ணிக்கை வைக்கவே தேவையில்லை. நான் அதையே பரிந்துரைப்பேன்.

தற்போக்கு எண்களை இயங்குதளத்திடமிருந்தே பெறுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், 2006-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்திலிருந்து நீக்கப்பட்ட ஓரிரு வரிகளால், 2008-இல் பிழை கண்டறியப்படும்வரை, அங்கே உருவான சாவிகள் எளிதில் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். மறையாக்கக் கணிதத்தை லிப்சோடியம் பார்த்துக்கொள்ளும் என்பதால், உங்கள் உழைப்பைச் சாவி மேலாண்மையில் செலுத்துங்கள். கூகுளின் டிங்க் என்ற மறையாக்க நிரலகம், மறையாக்கிய தரவின் முன்னால் 5 பைட்டுகளைச் சேர்த்து, அவற்றில் 4-ஐச் சாவியின் அடையாள எண்ணுக்கு ஒதுக்குகிறது. அதனால், பழைய தரவைப் பழைய சாவியால் படித்துக்கொண்டே, புதியதைப் புதிய சாவியால் எழுத முடிகிறது. நோயாளியின் வரிசை எண்ணையும் புலத்தின் பெயரையும் மறையாக்கும்போது கூடுதல் தரவாக (மறைக்கப்படாது, ஆனால் மாறினால் பிழை எழும்) சேர்த்து உறுதிப்படுத்துங்கள். இல்லையெனில் தரவுத்தளத்தில் எழுத அனுமதி உள்ள ஒருவர், ஒரு நோயாளியின் மறையாக்கிய தரவை இன்னொருவர் வரிசையில் ஒட்டினாலும் பிழை எழாது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நான்ஸை 1, 2, 3 என எண்ணும் முறையை நீக்கிவிட்டேன். நான்ஸ் ஒவ்வொரு முறையும் மாறினால், கைப்பேசி எண்ணைக் கொண்டு நோயாளியைத் தேடுவது எப்படி?

மறுமொழி 2

கைப்பேசி எண்ணை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, தனிச் சாவி ஒன்றால் அதன் எச்மேக் மதிப்பை (சாவி சேர்த்துக் கணக்கிடும் ஹேஷ்) கணக்கிட்டு, வேறொரு நெடுவரிசையில் வைத்துத் தேடுங்கள். சாவி இல்லாத வெறும் ஹேஷ் (தரவிலிருந்து கணக்கிடும், திருப்ப முடியாத சுருக்க மதிப்பு) போதாது. பத்து இலக்க எண்கள் அனைத்தையும் முயன்று பார்ப்பது கணினிக்குச் சிறு வேலை. பழைய முறையில் மறையாக்கியவற்றையும் புதுச் சாவியால் மறுபடி மறையாக்கி, பழைய காப்புப் பிரதிகளை அழித்துவிடுங்கள்.