எலிப்சோமீட்டரில் மெல்லிய ஆக்சைடு: டெல்டா நிலையாக நிற்கவில்லை, உதவுங்கள்

வணக்கம். எங்கள் லேபில் அனலைசர் (டிடெக்டருக்கு முன்னால் உள்ள முனைவாக்க வடிகட்டி) சுழலும் வகை எலிப்சோமீட்டர் ஒன்று இருக்கிறது; பட்டுத் திரும்பும் ஒளியின் முனைவாக்கம் எப்படி மாறுகிறது என்று பார்த்துப் படலத்தின் தடிமனைக் கணக்கிடும் கருவி. பழையது. 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், 70 டிகிரி படுகோணம். 100 நானோமீட்டர் சிலிக்கா படலத்தை அழகாக அளக்கிறது. சிலிக்கான் வேஃபரில் தானாகவே படியும் 2 நானோமீட்டர் ஆக்சைடு என்றால்தான் மக்கர்.

காரணம் ஓரளவு புரிகிறது. இந்த வகைக் கருவிக்கு டெல்டா (பட்டுத் திரும்பும்போது ஒளியின் இரு முனைவாக்கக் கூறுகளுக்கு இடையே உண்டாகும் கட்ட வித்தியாசம்) நேரடியாகக் கிடைப்பதில்லை, அதன் கோசைன்தான் கிடைக்கும். மெல்லிய ஆக்சைடில் டெல்டா 180ஐ ஒட்டியே இருக்கும். 174க்கும் 177க்கும் கோசைன் வித்தியாசம் வெறும் 0.004. ஆனால் அந்த 3 டிகிரி என்பது ஏறக்குறைய 1 நானோமீட்டர் தடிமன்! சில சமயம் கோசைன் -1ஐயும் தாண்டிப் போகிறது. மென்பொருளோ வாயைத் திறக்காமல் 180 என்று காட்டிவிடுகிறது.

சிக்னலை ஃபூரியே பிரித்துப் பார்த்தேன். சுழற்சியின் இரண்டாம் ஹார்மோனிக் (சுழல் அதிர்வெண்ணின் இரு மடங்கு) மட்டும்தானே வரவேண்டும்? முதலாவதும் நான்காவதும் கொஞ்சம் தலைகாட்டுகின்றன. முதலாவது, அனலைசர் சுழலும்போது கற்றை டிடெக்டரில் அலைவதால் என்று நினைக்கிறேன். நான்காவது டிடெக்டரின் நேர்கோடின்மையா? பின்னணி வெளிச்சத்தைக் கழித்தாயிற்று, மாற்றமில்லை.

பொலரைசருக்கு (லேசர் பக்கத்து முனைவாக்க வடிகட்டி) பின்னால் கால் அலைத் தகடு (ஒரு முனைவாக்கக் கூறை மற்றதைவிடக் கால் அலை தாமதப்படுத்தும் படிகத் தகடு) வைத்து டெல்டாவை 90 டிகிரி நகர்த்தலாம் என்றிருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மைக்கா போதுமா, குவார்ட்ஸ்தான் வேண்டுமா? தகட்டின் உண்மையான தாமதத்தை அதே கருவியில் வைத்தே எப்படி அளவீடு செய்தீர்கள்? புதுக் கருவி வாங்கச் சொல்லாதீர்கள், பட்ஜெட் இல்லை.