டெக்சாஸில் குடிநீர் இணைப்புகளைக் கூட்டுவது பற்றி உதவி வேண்டும்

வணக்கம். டெக்சாஸில் எங்கள் குடியிருப்புக்குச் சொந்தக் கிணறு, 46 இணைப்புகள். இப்போது இன்னும் 12 வீடுகள் வருகின்றன. 50 இணைப்பைத் தொட்டாலே விதி மாறிவிடுகிறது. இதுவரை கிணறும் பிரஷர் டேங்கும் போதுமாக இருந்தன. இனி இணைப்புக்கு 200 கேலன் சேமிப்புத் தொட்டி கட்டாயம். 58 வீட்டுக்கு 11,600 கேலன்! கூடவே இரண்டு பம்புகள் வேண்டும். உரிமம் பெற்ற பொறியாளர் வரைபடத்தை மாநிலச் சுற்றுச்சூழல் தர ஆணையத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே வேலை தொடங்க முடியும்.

உண்மையான பயன்பாட்டுக் கணக்கைக் காட்டி, குறைந்த கொள்ளளவுக்கு அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை மாதம் ஆனது? வயதானவர்கள் நிறைய இருக்கும் இடம், செலவை நினைத்தால் கவலையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.